ஸ்டாம்ப் அளவு டிவி

அமெரிக்காவில், எடிசன் ஊரில் நம்மவர் வீடுகளில், பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி என்பது அப்பா அம்மாக்கள் எழுதும் பரீட்சை. பிள்ளைகள் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்தால் போதும். நான்காம் வகுப்பில் நான் கேட்டது எரிமலை. அம்மா செய்ய உட்கார்ந்தது டிவி.

அதுவும் ஆதிகாலத்து டிவி. ஒரு வட்ட அட்டை, அதில் நத்தை ஓடு மாதிரி சுருளாகத் துளைகள். மேசை விசிறியின் மோட்டாரில் அட்டை சுற்றும்போது, ஒவ்வொரு துளையும் படத்தில் ஒரு கோடு வரையும். கோயம்புத்தூரில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து வேலை பார்த்தவள் அம்மா. அப்பாவின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் இங்கே வேலைக்குப் போகக் கூடாது. அம்மா என்றால் வீட்டில்தான் இருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு துளை மயிரிழை விலகினாலும் படத்தில் கறுப்புக் கோடு விழும். அட்டை மேல் அட்டையாகக் குப்பைக்குப் போயிற்று. சாம்பார் அடிப்பிடித்தது.

"கடையில சுவரளவு டிவி விக்கிறான். நீ ஸ்டாம்ப் சைஸ்ல பண்ணிட்டிருக்கியே!" என்றார் அப்பா.

"அதை எவனோ பண்ணான். இதை நான் பண்றேன்ல?" என்றாள் அம்மா.

கண்காட்சியில் அட்டை உறுமிக்கொண்டு சுற்றியது. வெளிச்சத்தை உணரும் சில்லுக்கு முன்னால் விரல்களை விரித்தேன். மறுபக்கம், சிவப்பு ஒளியில், என் கை குட்டியாக அசைந்தது. குனிந்து பார்த்த நடுவர் அம்மணி வாயைப் பிளந்துவிட்டு, "ஹூ மேட் திஸ்?" என்றார்.

நான் செய்தேன், அம்மா லேசாக ஹெல்ப் பண்ணினாள் என்று சொல்ல வீட்டில் ஒத்திகையே நடந்திருந்தது. ஆனால் அவ்வளவு அழகான டிவியை நான் செய்தேன் என்றால் யார் நம்புவார்கள்? சுவரோரம் நின்ற அம்மாவைக் கைகாட்டி, "மை மாம் மேட் இட். ஷீ இஸ் அன் இன்ஜினியர்" என்று சொல்லிவிட்டேன்.

பரிசு யாருடைய எரிமலைக்கோ போனது. நடுவர் மட்டும் அம்மாவை விடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார், அம்மா கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள்.

காரில் ஏறியதும் அம்மா அழுதாள். தோற்றதற்குத்தான் என்று பயந்துபோய், "நெக்ஸ்ட் இயர் வால்கேனோ பண்ணலாம்மா" என்றேன். அழுகையோடு சிரித்தவள், நம்மூர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் வண்டியை நிறுத்தி எனக்கு ஜாங்கிரி வாங்கித் தந்தாள்.

பிற்பாடு அனுமதி கிடைத்து அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த அட்டையைத்தான் முதலில் ஆபீஸ் சுவரில் மாட்டினாள். அமெரிக்கா வந்ததிலிருந்து தன்னை ஒருவர் இன்ஜினியர் என்று சொல்லி, கண்காட்சி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டாளாம். எனக்கு அன்று புரிந்ததெல்லாம், தோற்றால் ஜாங்கிரி கிடைக்கும் என்பதுதான்.