கிரேனுக்குக் கை காட்டியவர்

கட்டட வேலை நடந்த இடத்தில் அவரை எல்லோரும் ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது ஓசியில் டீ வாங்கிக் கொடுத்தால்கூட, “என்ன விஷயம்?” என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதரை மேனேஜர் கூப்பிட்டு, தோளில் தட்டி, பச்சைச் சட்டை ஒன்றைக் கொடுத்தால் தூக்கம் வருமா?

“இனிமே கிரேனுக்கு நீங்கதான் கை காட்டணும். முழு அதிகாரமும் உங்களுக்குத்தான்.”

கிரேன் ஓட்டுபவருக்கு அவ்வளவு உயரத்திலிருந்து கீழே எதுவும் சரியாகத் தெரியாது. பச்சைச் சட்டைக்காரரின் கையை மட்டும் பார்ப்பார். அது தூக்கச் சொன்னால் தூக்குவார். முதலாளியே வந்து குதித்தாலும் அசைய மாட்டார்.

வீட்டில் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. “இத்தனை வருஷம் கம்பி சுமந்ததுக்கு இப்பவாவது ஒரு மரியாதை!”

“மரியாதையா? அத்தனை பேர் இருக்க, என்னை எதுக்குத் தேடிப் பிடிச்சான்? நான் எதிர்த்துப் பேச மாட்டேன்னுதான்.”

“உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?”

விஷயம் என்னவென்று மறு வாரமே தெரிந்தது. கம்பிக்கட்டு ஒன்று மேலே போக வேண்டும். அது போகிற வழிக்கு நேர் கீழே நாலைந்து பேர் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அவர் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

“தூக்கச் சொல்லுங்க.”

“ஆளுங்க நகரட்டும் சார்.”

“அவங்க நகர்ந்தா வேலை கெட்டுடும். நான் சொல்றேன்ல?”

‘சந்தேகம்’ மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த ஆள் நினைத்தால் இப்போதே வேலையைப் பிடுங்கிவிடலாம். குடும்பத்துக்கு வேறு வருமானமும் கிடையாது. ஆனாலும் இவ்வளவு பெரிய மனிதர் எதற்காகத் தன் கையை நம்பி நிற்கிறார்? சட்டையைக் கழற்றி நீட்டினார்.

“நீங்களே போட்டுக்கிட்டுக் கை காட்டுங்க சார்.”

மேனேஜர் ஓரடி பின்னால் நகர்ந்தார். ‘சந்தேக’த்துக்கு அது போதும். மேனேஜரிடம் இருந்தது வேலையைப் பறிக்கிற பலம். கிரேனை அசைக்கிற அதிகாரம் இந்தச் சட்டைக்கு, ஏதாவது ஆனால் வருகிற பழியும் இதற்குத்தான். பழி வேண்டாமாம், கை மட்டும் வேண்டுமாம்! எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. சட்டையை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“நாளையிலேருந்து வேலைக்கு வராதீங்க” என்றார் மேனேஜர்.

“சரி சார். இன்னிக்கு வேலை முடியற வரைக்கும் நான்தானே?”

‘சந்தேகம்’ செங்கல்காரர்களைப் பார்த்துக் கத்தினார். “எல்லாரும் எழுந்து வெளிய வாங்க!”

கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான் கையை உயர்த்தினார். கிரேன் அசைந்தது.