கதவைத் திறந்துகொண்டே இருந்தவர்

மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு திடீர் திடீரென்று கொதித்து வியர்த்தது. “உந்த வயசிலை உது வரும்தானே” என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அந்த எரிச்சலோடுதான் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடி எண்ணெய் வாங்க, அஜின்கோர்ட் பகுதியில் சட்டப்படி நடக்கும் கஞ்சாக் கடைக்குப் போனேன்.

கவுண்டரில் என் வயதுத் தமிழ்ப் பெண் நின்றார். ஜனவரிக் குளிரில் அரைக்கைச் சட்டை. அடிக்கடி போய் வாசற்கதவைத் திறந்து, முகத்தைப் பனிக்காற்றில் காட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார்.

“இந்த வேர்வைக்கு உந்த எண்ணெய் உதவுமோ?” என்று கேட்டேன்.

“அதைச் சொல்லக் கடைக்காரருக்குச் சட்டத்திலை அனுமதியில்லை, அக்கா.”

“டாக்டரும் சொல்லுறாரில்லை, நீங்களும் சொல்லுறியளில்லை. நீங்கள் பாவிக்கிறனீங்களோ? அதையாவது சொல்லுங்கோவன்.”

“ஓம், ஒரு வருசமாய்ப் பாவிக்கிறன்” என்றவர், மறுபடி கதவைத் திறக்கப் போனார்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனாலும் கோட்டைக் கழற்றிவிட்டு, திறந்த கதவடியில் நானும் அவரருகில் போய் நின்றேன்.