இட்டோவின் கெண்டைக்கால்

இஃப்ரான் மலையில் எங்களோடு ஓடிய பெண்களில் மூத்தவள் இட்டோ. முப்பத்துமூன்று வயது, வாய்த்துடுக்கு அதிகம். பன்னிரண்டு வருடமாக ஓட்டக்காரிகளுக்குச் சம்பளம் தரும் ஒரு கிளப் வேலைக்காகத் தேர்வு ஓட்டம் ஓடினாள். ஒவ்வொரு வருடமும் எடுப்பது மூன்று பேரை, இவள் வருவது நான்காவதாக. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். அவளோடு ஒரே அறையில் தங்கி அதே தேர்வுக்கு ஓடியவள் நான், யம்னா.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது காட்டு ஏற்றத்தில் சட்டென்று நின்றாள். "எவடி கல்லால அடிச்சது?" என்று திரும்பினாள். பின்னால் யாருமில்லை. கெண்டைச் சதை கிழிந்திருந்தது.

ஐஸ் வை, கட்டுப் போடு, யாரும் பிசையக் கூடாது என்றார் பயிற்சியாளர். மறுநாள் வியாழக்கிழமை, எங்கள் குளியல் நாள். எங்களுக்கு எந்த வலிக்கும் ஹம்மாம்தான் மருந்து. கைத்தாங்கலாக அந்த வெந்நீர்க் குளியலுக்கு அவளை அழைத்துப் போனது நான்தான். தேய்த்துவிடும் ஹத்தா அக்கா சூடான கல்தரையில் அவளைக் குப்புறப் போட்டாள். "முடிச்சு விழுந்திருக்குடி. பிரிச்சு விட்டா நாளைக்கே ஓடுவே." இட்டோ அலறினாள். நான் தோளை அமுக்கிப் பிடித்தேன். விடிந்ததும் கால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போட்டிக்காரி வேண்டுமென்றே செய்தாள் என்று தோழிகள் என் காதுபடவே பேசினார்கள். இட்டோவும் அப்படித்தான் நினைக்கிறாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வீக்கம் வடிந்ததும் சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்கிப் பழகினாள், முதலில் இரு காலில், பிறகு ஒற்றைக் காலில். வலிக்காமல் இருபத்தைந்து முறை முடிந்தால்தான் ஓடலாம் என்றார் பயிற்சியாளர்.

தேர்வு நாள் காலை, எண் சீட்டைக் குத்திய சட்டையோடு மைதானத்துச் சுவரைப் பிடித்தாள்.

"குதிகால் முழுசா ஏறுதான்னு பாத்து எண்ணு."

பதினாலில் குதிகால் தாழ்ந்தது. பதினாறில் கால் நடுங்கியது. பொய் சொல்லி அனுப்பினால் என் மேல் உள்ள பழி நீங்கும். அவள் கால் போகும்.

"போதும், நிறுத்து."

"நீயும்தான் ஓடுறே. உன் வாயை எப்படிடி நம்புறது?"

என் எண் சீட்டைப் பிய்த்து அவள் கையில் திணித்தேன். "நானும் ஓடலை. இப்ப நம்புவியா?"

ஒலிபெருக்கி கூப்பிட்டது. இட்டோவின் கண் நிறைந்துவிட்டது.

"ரெண்டு பேரும் நின்னா மத்தவளுங்களுக்குக் கொண்டாட்டம். கிட்ட வா, கழுதை."

சீட்டை என் நெஞ்சில் திரும்பக் குத்தினாள். கடைசி ஊசி தோலில் ஏறியது. வேண்டுமென்றே குத்தினாளா என்று நான் கேட்கவில்லை. ஓடப் போனேன்.