துட்டி வருஷத்தில் வாங்கிய டயர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு நின்றவள். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். பாதி மறந்தும் போகிறது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு காருக்கு டயர் வாங்கியதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்தக் காரை நான் நேரில் பார்த்ததில்லை.

கார் என் மகனுடையது. கனடாவில் இருந்தான். பந்தயத்தில் ஓடுமே, அந்த மாதிரிக் கார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இரண்டு பேர்தான் உட்காரலாம். வாங்கிய அன்று போனில் காட்டினான்.

"நான் வந்தா எங்கனலே உக்காருவேன்?" என்று கேட்டேன்.

"உன் மருமவ மடியில உக்காந்துக்கோ."

அவள் பக்கத்திலிருந்து, "அத்தை கனத்த நான் தாங்கமாட்டேன். டிக்கியில போட்டுருவோம்" என்றாள்.

மருமகள் என்றாலும் என் அண்ணன் மகள்தான். ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை. சின்ன வயதிலிருந்தே என்னிடம் அப்படித்தான் பேசுவாள்.

ஆடியில் மகன் போய்விட்டான். வேலை பார்க்கும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். பிறகு எழுந்திருக்கவில்லை. அங்கேயே எரித்துவிட்டு, சாம்பலை மருமகள் கொண்டுவந்தாள். குறுக்குத்துறையில் கரைத்தோம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போனது. நான் விழுந்துவிடுவேன் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் விழவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று நினைவில்லை. பதினாறு முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்பிப் போனாள்.

ஐப்பசி கடைசியில் ஒரு சாயங்காலம் போனில் வந்தாள். அங்கே அப்போது காலை. அண்ணன் பாளையங்கோட்டையில் பல் பிடுங்க வந்தவர், அன்றைக்கு என் வீட்டில் இருந்தார். வாயில் பஞ்சு.

"அத்தை, இங்கன பனி விழ ஆரம்பிச்சிட்டு. பனி டயர் மாட்டாம கார வெளிய எடுக்கக் கூடாது. எடுத்தா போலீசு பிடிச்சிரும்" என்றாள்.

போன வருஷம் வரை இந்தத் தொல்லை இல்லை. குளிர் தொடங்கியதும் மகன் அந்தக் காருக்கு உறை போட்டு மூடிவிடுவான். அவனுக்கு ஆபீஸில் கொடுத்த வண்டியில் இரண்டு பேரும் போவார்கள். அந்த வண்டியை ஆபீஸ்காரர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை. விடிவதற்குள் போக வேண்டும். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. இருப்பது இந்தக் கார் ஒன்றுதான். அதில் மாட்டியிருப்பது வெயில் காலத்து டயர். குளிரில் அந்த ரப்பர் கல்லாகி வழுக்கிவிடுமாம்.

அண்ணன் பஞ்சோடு பேசினார். "கார வித்துப்போட்டு ஊருக்கு வந்து சேரு. துட்டி வருசத்துல புதுசா ஒண்ணும் வாங்கக் கூடாதுன்னு தெரியாதா? அதுவும் போனவன் வண்டிக்கு."

சாவு விழுந்த வீட்டை நாங்கள் துட்டி வீடு என்போம். வருஷம் திரும்பி தலைத் திவசம் முடிகிற வரை புதுத் துணி, புதுப் பாத்திரம், எதுவும் வாங்குவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். மிக்ஸி ஜாரின் பிடி உடைந்துவிட்டது. துணி சுற்றி வைத்து அரைக்கிறேன்.

"வேலைய விட்டுட்டு வரச் சொல்லுதீங்களாப்பா?"

"பொறவு? அங்கன உனக்கு யாரு இருக்கா?"

போனில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று தெரியாது. ஆனாலும் அவள் பார்த்தது என்னைத்தான்.

என் வீட்டுக்காரர் போனபோது என்னையும் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார். ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு வரும். வெளியில் ஆள் சத்தம் கேட்டால் நான் அடுக்களைக்குப் போய்விட வேண்டும். வாழைத்தார் ஏற்றுகிற லாரி வந்து நிற்பது சத்தத்தில்தான் தெரியும். மகனுக்குப் பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் திருநெல்வேலிக்கு வந்தேன்.

அண்ணன் முன்னால் நான் பேசிப் பழக்கமில்லை. "புதுசுதான வாங்கக் கூடாது. பழசு வாங்கலாம்லா" என்றேன்.

அவர் பஞ்சை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏளா, அடுத்தவன் போட்டுக் கழிச்ச டயரையா மாட்டச் சொல்லுத?" என்றார். ஆனால் கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் அப்பா இறந்த வருஷம், வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச இவரே பழைய மோட்டார் ஒன்று வாங்கினவர்தான்.

இரண்டு நாளில் அவள் ஒரு பழைய டயர் விற்கிற ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். எதைப் பார்த்து வாங்குவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எங்கள் தெரு முனையில் டயர் கடை இருக்கிறது. அதுவரை அந்தப் படி ஏறியதில்லை. கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு உள்ளே போனேன்.

"பனி டயரா?" கடைக்கார அண்ணாச்சி சிரித்தார். "ஆச்சி, நம்மூர்ல தாரு உருகிச் செருப்புல ஒட்டுது. பனிக்கட்டிய நான் மீன் பெட்டியிலதான் பாத்திருக்கேன்."

நான் திரும்பிப் போகப் பார்த்தேன்.

"அட, நில்லுங்க. பழசுன்னா ஒண்ணு பாக்கச் சொல்லுங்க" என்று ஒரு ஸ்கூட்டர் டயரை உருட்டி வந்தார். "இந்தா, ஓரத்துல நாலு நம்பர் குத்தியிருக்கா? முதல் ரெண்டும் எத்தனாவது வாரம்னு. கடைசி ரெண்டும் வருசம். ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் கிழடாயிரும்லா." அப்புறம், "யாருக்கு ஆச்சி? மவனுக்கா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

அவள் அந்த ஆளுடைய கொட்டகையில் நின்றுகொண்டு போனில் டயரைக் காட்டினாள். பள்ளமெல்லாம் ஆழமாக, புதுசு மாதிரியே இருந்தது. நம்பரைப் பார்க்கச் சொன்னேன். குனிந்து துடைத்துப் படித்தாள். படித்துவிட்டு, திரும்பவும் துடைத்துப் பார்த்தாள்.

"என்னட்டி?"

"இது எங்க கல்யாணத்துக்கு முந்தினது, அத்தை."

"நகத்த வச்சு அமுக்கிப் பாரு."

"நகம் இறங்கல, கல்லு மாதிரி இருக்கு."

அவளுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது.

"அப்ப வேண்டாம். புதுசு வாங்கு" என்றேன்.

"அப்பா வைவாரே."

"அத்தை சொன்னான்னு சொல்லு."

அதைச் சொன்னபோது எனக்குப் பயமாக இல்லை. தைரியம் வந்த மாதிரியும் இல்லை. போனை வைத்துவிட்டு, ஊறப் போட்டிருந்த அரிசியை அரைத்தேன்.

மறுநாள் டயர் கடைக்குள்ளிருந்தே கூப்பிட்டாள். அங்கே இன்னொரு யோசனை. காரில் இருந்தது அகலமான டயர். பனிக்கு அதைவிட மெலிந்தது நல்லது, பனியைக் கீறிக்கொண்டு இறங்கிப் பிடிக்கும் என்று கடைக்காரன் சொன்னானாம். நாலு சக்கரத்துக்கும் ஒரே ஜாதி டயராக இருக்க வேண்டும் என்றும் சொன்னானாம்.

"மெலிசா போட்டா நல்லாவே இருக்காது அத்தை. காருக்குக் கொக்குக் கால் வச்ச மாதிரி இருக்கும். அத்தானுக்கு அகலம்தான் பிடிக்கும். பாத்தா வைவாக."

"அவன் பாக்கவா போறான்?" என்றேன். "மெலிசையே போடு."

அப்படி ஒரு பேச்சு என் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை. அவள் தலையைத் திருப்பி, கடைக்காரனிடம் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள். அவன் ஒரு டயரை உருட்டி வந்தான்.

அண்ணனுக்கு அவளே சொல்லிவிட்டாள். அவர் உடனே என்னைக் கூப்பிட்டார்.

"யாரு வாங்கச் சொன்னா?"

"நான்தாண்ணே."

"துட்டி வருசத்துலயா?"

"ஆமா."

"ஒனக்குப் புத்தி கித்தி பிசகிட்டா?"

"பிசகல."

"என் பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

கேட்டுவிட்டு அவரே போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இன்னும் பேசவில்லை.

புது டயர் என்றால் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாமல் எப்படி? அவளிடம் சொல்லியிருந்தேன். வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு பழமாக வைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் பனிமேல் பழம் மஞ்சளாகத் தெரிந்தது. இங்கே எனக்கு மத்தியானம். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன், அவள் சத்தம் கேட்க வேண்டுமே என்று.

"பைய எடு, மெதுவா" என்றேன். அவளுக்குக் கேட்டிருக்காது.

கார் முன்னால் போனது. கொஞ்ச தூரம் போய் நின்றது. அவள் இறங்கி வந்து பார்த்தாள். பனியை நோண்டி ஒரு பழத்தை எடுத்தாள். பிறகு மற்றதையும் எடுத்தாள்.

"ஒண்ணுகூட நசுங்கல, அத்தை." பழத்தை விளக்குப் பக்கம் காட்டினாள். "பனி மெத்து மெத்துன்னு இருக்கு. அப்படியே உள்ள அமுங்கிட்டு."

பழம் நசுங்காவிட்டால் வண்டியை எடுக்க மாட்டார்கள் எங்கள் பக்கம். வேறு பழம் வைத்துத் திரும்ப ஏற்றுவார்கள். அவள் கையில் நாலு பழத்தையும் வைத்துக்கொண்டு, நான் சொல்வதற்காக நின்றாள். நான் வேண்டாம் என்றால் அன்றைக்குப் போக மாட்டாள். அன்றைக்குப் போகாவிட்டால், அண்ணன் சொன்ன மாதிரி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வருவதுதான் நடக்கும்.

"வழுக்கிச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"நிறுத்துன இடத்துல நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அப்ப பழத்தக் கொண்டுபோய் உள்ள வையி. ராத்திரி சாதத்துல பிழிஞ்சுக்கோ. நேரமாச்சு, போ."

போனாள். போய்ச் சேர்ந்ததும் 'வந்துட்டேன்' என்று ஒரு செய்தி போட்டாள். அன்றிலிருந்து தினமும் அந்த ஒரு வார்த்தை வருகிறது. அது வந்த பிறகுதான் கொஞ்சம் படுப்பேன்.

வெயில் திரும்பியதும் இந்த டயரைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்ட வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று அந்தக் கடைக்காரன் சொல்லியிருக்கிறான். எந்த மாதம் என்று அவள் சொன்னாள், நான் மறந்துவிட்டேன். பங்குனி என்றாளா, சித்திரை என்றாளா? திரும்பக் கேட்டால் அவளுக்கும் நிச்சயமில்லை. டயரைப் பற்றி நான் எழுதியதில் தப்பு இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். எப்போது கழற்ற வேண்டும் என்பதை மட்டும் முதலில் பார்த்துச் சொல்லுங்கள். நான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.