மறுபாதி சொல்ல ஆள் இல்லாத வீடு

கட்டில் கால்கள் பாதி வரை தண்ணீரில் நின்றன. கட்டிலில் என் கணவர், தொடை வரை மாவுக்கட்டு. இரண்டு பெண்பிள்ளைகளையும் மேசைமேல் ஏற்றி நிறுத்தியிருந்தேன். வெளியே ஐப்பசி மழை. பின்பக்கத்து வாய்க்கால் எங்கள் அடுக்களை வழியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. 1996-ஆம் ஆண்டு, சாயங்காலம் நாலு மணி இருக்கும். திருவனந்தபுரம் நகரத்துக்குள், சுற்றிலும் அத்தனை வீடுகள் இருந்தும், கூப்பிட எனக்கு ஒரு ஆள் இல்லை. அந்த நேரத்தில் ஆண்டவர் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் புத்திகெட்ட காரியங்களையும் மறைக்கப்போவதில்லை.

நாங்கள் பொழியூர்க் கடற்கரைக்காரர்கள். வருஷா வருஷம் கடல் ஏறி எங்கள் முற்றத்தைத் தின்றது. முந்தின வருஷ மழையில் முன்சுவரும் போனது. எனக்கு வெறுத்துவிட்டது. கணவரின் பெரியப்பா மகன் மரியநேசன் அண்ணன், வலை வைக்க இடம் வேண்டும் என்று வீட்டை விலைக்கு எடுத்துக்கொண்டார். என் நகைகளையும் விற்று, நகரத்தில் மூன்று சென்ட் நிலமும் ஒரு சின்ன வீடும் வாங்கினோம்.

வீடு பார்க்கப் போனது பங்குனி வெயிலில். தரகர் கதவைத் திறப்பதற்கு முன்பே நான் கேட்டேன்.

"அண்ணா, கடல் இங்கேயிருந்து எவ்வளவு தூரம் உண்டு?"

"பஸ்சிலே அரை மணிக்கூறு போணும்."

"அலைச் சத்தம் கேக்குமா?"

"இங்கே ஒருத்தரும் கேக்காத கேள்வியாக்கும் நீங்க கேக்குது" என்று சிரித்தார்.

எனக்கு அது போதும். வீட்டின் பின்னால் போய்ப் பார்க்கவே இல்லை. போயிருந்தால் புல் மூடி வறண்டு கிடந்த வாய்க்கால் கண்ணில் பட்டிருக்கும். கடலுக்குப் பயந்தவள் கடல் இருக்கும் திசையை மட்டுமே பார்த்தேன்.

கரையில் நாங்கள் ஜெபிக்கும் விதம் உங்களில் பலருக்குத் தெரியும். கடலுக்குப் போன வள்ளம் திரும்பாத நாளில் ஒருத்தி வாசலில் நின்று ஜெபமாலை தொடங்கினால், ஒவ்வொரு மந்திரத்திலும் அவள் முதல் பாதி சொல்ல, மறுபாதியை அடுத்த வீட்டுக்காரி சொல்வாள். அலைக்கு மேல் கேட்க வேண்டுமே, அதனால் தொண்டையைத் திறந்துதான் சொல்வோம். நகரத்து வீட்டிலும் அப்படியே தொடங்கினேன். மூன்றாம் நாளே மதிலுக்கு மேல் ஒரு தலை வந்தது. பக்கத்து மாடிவீட்டுப் பங்கஜாட்சி சேச்சி, அதியன்னூரிலிருந்து கல்யாணம் முடித்து வந்தவர்.

"எந்தா இத்தறை ஒச்சை? மெதுவா சொன்னா உங்க தெய்வத்துக்குக் கேக்காதா?"

ஜெபத்தைச் சத்தம் என்று சொன்னது என் கணவருக்கு அவமானமாகப் போய்விட்டது. "எடீ, அடக்கிச் சொல்லு. இது கரை இல்லை, பட்டணமாக்கும்" என்றார். அன்றிலிருந்து உதட்டை மட்டும் அசைத்தேன். சேச்சி எங்கள் பக்கத்து ஜன்னலையும் சாத்திவிட்டார். நானும் வைராக்கியமாக அந்தப் பக்கம் முகம் திருப்பவில்லை.

ஜூன் மழையில் ஒருநாள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்து போனது. சுவரில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அதே வாரம் ஊரிலிருந்து மரியநேசன் அண்ணன் வந்து வாசலில் நின்றார். "மக்கா, வீட்டைக் கடல் கொண்டு போச்சு. இனி நமக்கு அங்கே ஒண்ணும் இல்லை" என்றார். திரும்பிப் போகவும் வழி இல்லாமல் போனது.

இந்த வீட்டை யார் தலையிலாவது கட்டிவிட நினைத்தேன். சுவர்க்கோட்டின்மேல் சுண்ணாம்பு அடித்தேன். வாங்க வருகிறவர் கண்ணில் அது படக்கூடாது என்று முழங்காலில் நின்று ஜெபித்தேன். வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர், கூடவே பிள்ளைத்தாச்சி மனைவி. அவர் விரலால் சுவரைத் தொட்டார். ஈரச் சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். வெட்கத்தில் நான் செத்துப்போனேன். அந்த ஜெபத்தை ஆண்டவர் கேட்காமல் விட்டதற்கும் இன்று நன்றி சொல்கிறேன்.

ஓணம் கழிந்து, ஐஸ் கம்பெனியில் வேலைக்கு நின்ற என் கணவரின் காலில் ஐஸ் பாளம் விழுந்து எலும்பு முறிந்தது. அடுத்து வந்ததுதான் அந்த ஐப்பசி மழை.

தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது. கடலில் எத்தனையோ காற்றைப் பார்த்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடீ ஸ்டெல்லா, பிள்ளையளைக் கொண்டு நீ போ. என்னைப் பாக்காண்டாம்" என்றார். நான் உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ உடைந்தது. பட்டணமாவது, மானமாவது. வாசலில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று, கரையில் கத்துவதுபோல் மாதாவைக் கூப்பிட்டு ஜெபமாலையைத் தொடங்கினேன். முதல் பாதியைச் சொன்னேன். கட்டிலிலிருந்து மறுபாதியைத் தொடங்கிய கணவர் பாதியில் நிறுத்தி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தடவை சொன்னபோது, சாத்தியிருந்த அந்த ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஸ்டெல்லா! வெள்ளம் வீட்டுக்குள்ளே கேறியோ?"

கொஞ்ச நேரத்தில் சேச்சியின் கணவரும் தெருவிலிருந்து மூன்று பேரும் வந்தார்கள். என் கணவரைக் கட்டிலோடு தலைக்கு மேல் தூக்கினார்கள். சேச்சி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்து என் சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் என்னைத் திட்டினார்.

"இத்தறை நாளும் உனக்கு வாயில்லையோ? வாய்க்காத் தோடு நிறைஞ்சா உன் வீடாக்கும் முதல்லே முங்கும். ஒண்ணு விளிக்காண்டாமா?"

"நீங்கதானே சேச்சி மெதுவா சொல்லச் சொன்னது?" என்றேன். மழையில் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அவர் பிள்ளையை இடுப்பில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஒன்பது நாள் அவர்கள் மாடியில் இருந்தோம். வீடு விற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டவர் விற்றுத் தரவில்லை, அதில் வாழத் துணைக்கு ஆளைத் தந்தார். தண்ணீர் வடிந்ததும் தெருக்காரர்கள் எல்லோரும் இறங்கி வாய்க்காலைத் தோண்டினார்கள். அடுத்த மழையில் தண்ணீர் நடையோடு நின்றது. இன்றும் ஐப்பசி வந்தால் ராத்திரி எழும்பி நடையில் தண்ணீர் பார்ப்பேன், அது உண்மை. ஆனால் இனி சுவரில் சுண்ணாம்பு அடித்து எதையும் மறைக்க மாட்டேன். அன்பானவர்களே, உங்கள் வீட்டுக்குள் எந்தத் தண்ணீர் ஏறினாலும், மானத்துக்குப் பயந்து உதட்டுக்குள் ஜெபிக்காதீர்கள். அவரை வாய்விட்டுக் கூப்பிடுங்கள். அவர் யார் ஜன்னலைத் திறப்பார் என்று நமக்குத் தெரியாது.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். விளக்கு வைத்ததும் ஜெபமாலை சொல்ல எழும்ப முடியவில்லை. மதிலுக்கு மேல் அந்தத் தலை வந்தது.

"ஸ்டெல்லா, இன்னைக்கு ஒச்சை ஒண்ணும் கேக்கல்லியே. நான் வாறேன், கதவைத் தொற."