எனக்கு மட்டும் நாற்காலி

நீங்கள் என்னை மரியாதையாக நடத்தினீர்கள். அதுவும் என்னோடு வேலை செய்கிறவர்கள் கண் முன்னால். ஹாட் டாக் வண்டிக்காரரே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மங்கரேயில், விமான நிலையச் சரக்குக் கிடங்குகளுக்குப் போகும் சாலையில், டயர் கடை வாசலில் நிற்கிறது உங்கள் வண்டி. இரவு பத்து மணிக்குத் திறப்பீர்கள். சாசேஜ் சுமார். பன் அதைவிடச் சுமார். ஆனாலும் வரிசை பக்கத்துக் கட்டடம் வரை நிற்கும். யாரும் சாப்பிட வருவதில்லை, உங்களிடம் திட்டு வாங்க வருகிறார்கள்.

நான் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். நாலு வருஷம் ஆகிறது. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் எங்கள் ஆட்கள் உங்கள் வண்டிக்குப் போவார்கள். நான் நியூ லின்னில் இருக்கிற வீட்டுக்குப் போய்விடுவேன். திங்கட்கிழமை அவர்கள் புதுப் பெயரோடு திரும்புவார்கள். எங்கள் சூப்பர்வைசர் சமோவாக்காரர், ஆறடிக்கு மேல். "மழையில நனைஞ்ச மெத்தை மாதிரி நிக்காதே, நகரு" என்று ஆங்கிலத்தில் அவரிடம் கத்தினீர்களாம். அன்றிலிருந்து அவர் பெயர் மெத்தை. வாக்கி டாக்கியிலேயே "மெத்தை, மூணாம் கேட்டுக்கு வா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்த சாஸ் வேண்டும் என்று ஐந்து நிமிடம் யோசித்த பையனுக்கு ரவுண்டபவுட் என்று பெயர். சுற்றிச் சுற்றி வருகிறானாம், எந்தச் சாலையிலும் இறங்கமாட்டானாம். வெங்காயத்தில் குறை கண்டுபிடித்த பெண், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் மாதிரி முகத்தைச் சுளித்தாளாம். அவள் பெயர் இன்ஸ்பெக்‌ஷன்.

என் பெயர் மேடம்.

காரணம் எனக்குத் தெரியும். என் ஆங்கிலம் விசா நேர்காணலுக்காகப் படித்த ஆங்கிலம். அதில் ப்ளீஸும் சாரியும்தான் இருக்கின்றன. நான் வாயைத் திறந்தாலே எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு நேராக உட்காருவார்கள். எனக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று தோன்றியது. அதனால் ஒரு சனிக்கிழமை அவர்களோடு வந்தேன். "மேடம், அழக்கூடாது, சரியா?" என்று மெத்தை வழியெல்லாம் தைரியம் சொன்னார். நான் கிடங்குப் பூட்ஸைக் கூடக் கழற்றவில்லை. திட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

என் முறை வந்தது. நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். கையைத் துடைத்தீர்கள். வண்டியை விட்டு இறங்கி வந்தீர்கள்.

"அக்கா! வாங்கோ, வாங்கோ. நீங்கள் ஏன் வரிசையில நிக்கிறீங்கள்?"

என்னைவிடப் பத்து வயது மூத்தவர் நீங்கள்.

"என்னங்க இது? அவங்கள மாதிரி என்னையும் திட்டுங்க" என்றேன் மெதுவாக.

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ. இண்டைக்கு விரதம் ஒண்டும் இல்லைதானே?"

உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அதைத் துணியால் துடைத்தும் போட்டீர்கள். பன் காய்ந்திருக்கிறது என்றேன். "ஓம் அக்கா, என்ர பிழைதான்." வெங்காயம் கருகிவிட்டது என்றேன். "வேற வதக்கித் தாறன், ரெண்டு நிமிசம் இருங்கோ." வரிசை முழுவதும் எட்டி எட்டிப் பார்த்தது. நான் நடுவில் கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்து ஹாட் டாக் தின்றேன்.

திரும்பும்போது மெத்தை கேட்டார்: "மேடம், அவர் உங்கள் மகனா?"

வீட்டுக்குப் போனதும் இணையத்தில் உங்களுக்கு ஒரு நட்சத்திரம் போட்டேன். "அன்பான, பணிவான சேவை. உட்கார நாற்காலி தருகிறார்கள். குடும்பத்தோடு போகலாம்." நான் எழுதியதிலேயே கொடூரமான வாசகம் அதுதான். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஒரு வாரம் கழித்து, ஞாயிறு மதியம் கோயிலில் அன்னதான வரிசையில் தட்டோடு வந்து நின்றீர்கள். நான் அங்கே பரிமாறுகிறவள். முகங்களைப் பார்ப்பதில்லை, தட்டுகளைத்தான் பார்ப்பேன். அதனால்தான் உங்களை வண்டியில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, என்ர பேரைக் கெடுத்துப் போட்டீங்கள். நேற்று ஒரு வயசான வெள்ளைக்காரரும் மனிசியும் வந்து நாற்காலி கேட்டவை."

"போட்டீங்களா?"

"போட்டனான். என்ன செய்யிறது? பார்க்கப் பாவமாக் கிடந்தது."

"நல்லா வேணும். என்னைத் திட்டியிருந்தா இது வந்திருக்குமா?"

"உங்களை எப்பிடியக்கா நான் ஏசுறது? நான் தொழில் படிச்சதே இந்த வரிசையிலதானே."

பிறகு சொன்னீர்கள். வண்டி போட்ட புதிதில் எல்லாரிடமும் சிரித்துப் பேசினீர்களாம். ஈ கூட வரவில்லையாம். ஒரு ஞாயிறு இங்கே இரண்டாவது வடை கேட்டிருக்கிறீர்கள். "முதல் வடை என்ன ஆச்சு, விசா முடிஞ்சு போயிடுச்சா? நகருங்க, பின்னாடி நிக்கிறவங்களுக்கும் வயிறு இருக்கு" என்றேனாம். வரிசையே சிரித்ததாம். ஒருவர்கூட வரிசையை விட்டுப் போகவில்லையாம். அன்று இரவே முதல் ஆளிடம் முயற்சி செய்து பார்த்தீர்களாம்.

நான் சொன்னது திட்டு இல்லை, நிர்வாகம். முந்நூறு பேர் நிற்கும்போது ஆளுக்கு ஒரு வடைதான். ஆனாலும் எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன்.

"இதை அங்க வந்து என் ஆளுங்க முன்னாடி சொல்லுங்க" என்றேன்.

"அது தொழில் ரகசியம் அக்கா" என்று கையைக் கூப்பினீர்கள். கோபத்தில் அரை வடையைக் கூடுதலாக வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கிடங்கில் நானே சொன்னேன். மெத்தை, ரவுண்டபவுட், இன்ஸ்பெக்‌ஷன் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நீங்களா? மேடம், நீங்கள் ஃபோர்க்லிஃப்டிடம்கூட சாரி சொல்கிறவர்." உண்மைதான், சொல்கிறேன். அது ஆங்கிலத்தில் ஓடும் வண்டி.

அதனால் இதைத் தமிழிலேயே எழுதி உங்களைக் கேட்கிறேன். எனக்கு நாற்காலி வேண்டாம், புது வெங்காயமும் வேண்டாம். வரும் சனிக்கிழமை இரவு நான் என் ஆட்களோடு வரிசையில் நிற்பேன். நீங்கள் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. மேலே நின்றபடி, டயர் கடையைத் தாண்டி நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி, ஆங்கிலத்தில் பதில் சொல்லுங்கள்: இப்படித் திட்ட உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?