காப்புக் கையோடு ஒரு காலேஜ் பரீட்சை

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குச் சற்றுத் தள்ளி, மருந்துக் கடையின் நிழல் விழுகிற இடத்தில் காந்தா மீன் விற்கிறாள். இருபது வருஷத்துக்கு மேலாக அதே இடம். மருந்துக் கடை மூன்று பேர் கை மாறிவிட்டது. நிழல் மட்டும் மாறவில்லை. காலனிப் பெண்கள் வஞ்சிரத்தைப் புரட்டிச் செவுளைப் பார்த்துக்கொண்டே, பொண்ணு இப்போ எங்க இருக்கா என்று விசாரிப்பார்கள். பூனாவில் இருக்கிறாள், கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற வேலை என்பாள் காந்தா. எந்தக் காலேஜில் படித்தாள் என்று யாராவது கேட்டால்தான் அவள் முகம் மலரும்.

"அவ ஸ்கூல் படிக்க சொல்லவே காலேஜ் படிச்சவம்மா."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். எதையோ மாற்றிப் புரிந்துகொண்டு சொல்கிறாள் என்று நினைத்துப் பையை வாங்கிக்கொண்டு நகர்வார்கள். காந்தா திருத்த மாட்டாள். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, அந்த வருஷத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்வாள். இப்போது வீட்டில் அவளும் புருஷன் துரையும் மட்டும்தான். அந்த வருஷம் மூன்று பேர் இருந்தார்கள். கூடவே ஒரு வாத்தியாரும் இருந்தார்.

வாத்தியார் போனுக்குள் இருந்தார்.

மகள் ஷர்மிளா அப்போது பிளஸ் ஒன். அவளுடைய கம்ப்யூட்டர் டீச்சர் பெயர் அபிதகுஜாம்பாள். பிள்ளைகளுக்கு அபி மிஸ். காலேஜில் முதல் வருஷத்துக்கு நடத்துகிற பாடத்தை இப்போதே போனில் படிக்கலாம், பன்னிரண்டு வாரம், கடைசியில் நிஜமான காலேஜ் ஒன்றுக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும், யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று அவர் ஒரு நாள் வகுப்பில் சொன்னார். கை தூக்கியது ஷர்மிளா ஒருத்திதான்.

காரணம் அருண்ராஜ். காந்தாவின் அண்ணன் மகன். அவர்கள் இருந்த கடலோரக் குப்பத்திலிருந்து எஞ்சினியரிங் சேர்ந்த முதல் பையன். மேளம் வைத்து அனுப்பினார்கள். இங்கிலீஷில் பாடம் ஓடிய வேகத்துக்கு அவனால் ஓட முடியவில்லை. ஒரு வருஷம் முடிவதற்குள் திரும்பி வந்து, யாரிடமும் எதுவும் பேசாமல் படகில் ஏறிவிட்டான். அதைப் பார்த்த துரை, தன் பெண்ணுக்கு பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று முடிவு கட்டிவிட்டான். கோபத்தில் எடுத்த முடிவில்லை அது. அந்தப் பையன் முகம் போனது மாதிரி தன் பெண் முகம் போய்விடக் கூடாது என்கிற பயம்.

ஷர்மிளா அப்பனோடு சண்டை போடவில்லை. ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள்.

"தண்ணி எம்மா ஆழம்னு எறங்கிப் பாக்கறேன்ப்பா. இத்த நான் பாஸ் பண்ணிட்டா என்னிய காலேஜுக்கு அனுப்பணும். இல்லன்னா நீ சொல்றத கேக்கறேன்."

துரை சரி என்றான். எப்படியும் தோற்றுவிடுவாள் என்று நினைத்தானா, ஜெயித்துவிட வேண்டும் என்று நினைத்தானா, காந்தாவுக்கு இன்றுவரை தெரியாது.

புள்ளியியல் என்று அந்தப் பாடத்துக்குப் பெயர். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மணலில் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகு ஒன்றின் நிழலில்தான் கிடைக்கும். பக்கத்தில் வலை பின்னுகிறவர்களும் வாத்தியார் குரலை வாரக்கணக்கில் கேட்டார்கள். காசைச் சுண்டிப் போட்டால் தலை விழுமா பூ விழுமா என்று அவர் விளக்குவதை ஷர்மிளா தமிழில் சொன்னபோது, காசு சுண்டி விளையாடத்தான் காலேஜ் கட்டி வைத்திருக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். இந்த ஆள் சோறு தின்னவே போக மாட்டானா என்று இன்னொருவர் கவலைப்பட்டார்.

போனில் இறக்கி வைத்த பாடத்தை அவள் வீட்டில் மறுபடி ஓடவிடுவாள். வாத்தியார் திரையில் தோன்றினால் காந்தா தன்னை அறியாமல் மாராப்பைச் சரிசெய்துகொள்வாள். அவர் பேசும்போது துரையைத் திட்ட வேண்டியிருந்தால் குரலைத் தாழ்த்தித்தான் திட்டுவாள். இது துரைக்கு ரொம்ப வசதியாகிவிட்டது. மனைவி வாயைத் திறக்கிற நேரம் பார்த்து, "பாப்பா, அந்த வாத்தியார போடு," என்பான். வாரா வாரம் புதன்கிழமைக்குள் விடை எழுதி அனுப்ப வேண்டும் என்பதால், புதன்கிழமையில் மகளைக் கூடை கழுவச் சொல்வதையும் காந்தா நிறுத்திவிட்டாள். புரியாத ஒரு குரல் வீடு முழுக்க நிறைந்திருந்த அந்த மாதங்களில் அவளுக்கு ஏனோ சோறு கூட நன்றாக வெந்தது.

பரீட்சைக்கு நாள் குறித்துக்கொள்ளச் சொன்னபோது ஷர்மிளா ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்தாள். அதிலும் மதிய நேரம். காலையில் அம்மாவுக்கு வியாபாரம் இருக்கும், மதியம் என்றால் கூட வருவாள் என்ற கணக்கு. அதைக் காந்தாவிடம் சொன்னதாகத்தான் ஷர்மிளாவுக்கு நினைவு. காந்தா காதில் விழுந்தது, பரீட்சை வருகிறது என்பது மட்டும்.

மார்ச் கடைசியில் பிளஸ் ஒன் பப்ளிக் பரீட்சை முடிந்தது. அன்று ஷர்மிளா பையை மூலையில் போட்டுவிட்டு மறுநாள் வரை தூங்கினாள். காந்தா அதைப் பார்த்து ஸ்கூல் பரீட்சை, காலேஜ் பரீட்சை எல்லாம் ஒன்றாக முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷத்தில் இரண்டு இடத்தில் பரீட்சை இருக்கும் என்று அந்தக் குப்பத்தில் யார் கண்டார்கள்? மகள் நல்லபடியாக எழுதி முடித்தால் தாயும் மகளுமாகப் பால்குடம் எடுக்கிறோம் என்று கங்கையம்மனுக்கு ஏற்கெனவே வேண்டியிருந்தாள். சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் நாள் குறித்ததும், போய் இரண்டு பெயரையும் கொடுத்துவிட்டாள்.

காப்புக் கட்டுகிற வெள்ளிக்கிழமை, பம்பைச் சத்தத்தில் மகளின் கையைப் பிடித்து நீட்டியதும் அவள்தான். மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு இருவர் மணிக்கட்டிலும் ஏறியது. பால்குடம் எடுக்கிறவர்கள் திருவிழா முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று ஊர்த் தலைவரான நாட்டார் சொன்னபோதுதான் ஷர்மிளா நிமிர்ந்து பார்த்தாள். அதற்கு முன் அவள் பால்குடம் எடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எம்மா, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம எனக்குப் பரிட்ச கீது."

"அதான் எல்லாம் முடிஞ்சிபோச்சே?"

"அது ஸ்கூலு. இது காலேஜு."

காந்தா கயிற்றைப் பார்த்தாள். அறுத்துவிடலாம் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. கட்டிய காப்பை நடுவில் அறுத்தால் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆகாது என்பது அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது. கடலுக்குப் போகிறவன் அவள் புருஷன். ஷர்மிளா போனை அணைத்து அலமாரி மேல் வைத்துவிட்டாள். வாத்தியார் குரல் நின்றுபோன அந்த இரண்டு நாள் வீடு இருந்த இருப்பைக் காந்தாவால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு நாட்டாரிடம் போனாள்.

நாட்டாருக்குப் பெயர் தேசப்பன். கோயில் வாசலில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தவர் முழுக்கக் கேட்டுவிட்டு, எல்லை தாண்டினால் ஆகாது என்பது உனக்குத் தெரியாததா என்றார்.

"போன வருசம் காப்பு கட்டிகினு ராஜகீழ்ப்பாக்கம் போயி கருவாடு வித்துட்டு வந்தனே ண்ணா. நீதான போன்ன."

"அது தொழிலு. தொழிலுக்குப் போலாம். கோயில்ல வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடணும்."

"அவளுக்கு இதான் ண்ணா தொழிலு."

யாரோ சிரித்தார்கள். தேசப்பன் சிரிக்கவில்லை. தொழிலுக்குப் போகிறவள் கையில் தொழில் சாமான் இருக்க வேண்டுமே, இவள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஷர்மிளா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் காட்டினாள். அவர் அதை வாங்கி மூடியைத் திறந்து மூடினார். துணைக்குப் போகிற நீ எதைக் கொண்டு போவாய் என்று காந்தாவைக் கேட்டார். கூடை என்றாள். திருவிழா வாரம் படகு இறங்காதே, மீன் எங்கே என்றதற்கு, காலிக் கூடையும் கூடைதான் என்றாள்.

"வெளக்கு வெக்கறதுக்குள்ள," என்றார் தேசப்பன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயில். காட்டாங்குளத்தூருக்கு முன்னால், பெயர்ப் பலகை கட்டடத்தை விடப் பெரிதாக இருந்த ஒரு எஞ்சினியரிங் காலேஜ். ஷர்மிளா பள்ளி யூனிபார்மில் வந்திருந்தாள். பரீட்சை என்றால் யூனிபார்ம்தானே. தாடி வைத்த பையன்களுக்கு நடுவில் இரட்டைச் சடையோடு அவள் உள்ளே போவதைக் காந்தா கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே நல்லது என்று பட்டது.

வாட்ச்மேன் சுந்தர்சிங் கூடையைப் பார்த்ததும் இங்கே மீன் விற்கக் கூடாது என்று விரட்ட வந்தார். அவள் கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். பெண் உள்ளே பரீட்சை எழுதுகிறாள் என்றதும் அவர் நம்பாத பார்வை ஒன்று பார்த்தார். அப்புறம் தன் ஸ்டூலை நிழலில் இழுத்துப் போட்டார். அந்தப் பக்கம் போன இரண்டு பையன்கள், "அக்கா, நெத்திலி கீதா?" என்று கேட்டுவிட்டு ஓடினார்கள்.

பரீட்சை நேரத்துக்குத் தொடங்கவில்லை. கரண்ட் போய், கம்ப்யூட்டர்கள் மறுபடி உயிர் பெற நேரமாகிவிட்டது என்று சுந்தர்சிங் சேதி கொண்டு வந்தார். தொடங்கிய நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் முழுசாகக் கொடுப்பார்களாம். எல்லோரும் நிம்மதியடைகிற சேதி அது. காந்தா வானத்தைப் பார்த்தாள். ரயில், பஸ், சோழிங்கநல்லூரில் இறங்கி ஷேர் ஆட்டோ. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் விளக்கு முந்திக்கொள்ளும்.

வெயில் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியது. அவள் தவிப்பைப் பார்த்த சுந்தர்சிங் என்னவென்று கேட்டார். சொன்னாள். அவருக்குச் சாமி வேறு. ஆனாலும் சிரிக்கவில்லை.

"பாதி நேரம் ஆச்சுன்னா வெளிய விட்ருவாங்கம்மா. உள்ள சொல்லி அனுப்பட்டுமா? எழுதின வரைக்கும் போதும்னு வந்துடட்டும்."

காந்தா எழுந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அருண்ராஜ் இப்படித்தான் ஒரு கேட்டிலிருந்து பாதியில் வெளியே வந்தான். அதற்கப்புறம் அவன் நிமிர்ந்து அவள் பார்க்கவில்லை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு அரித்தது. துரையை நினைத்தாள், படகை நினைத்தாள். அம்மன் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தாள்.

"வாணாம் சார். முழுசா எழுதட்டும்."

ரயிலில் ஏறிய பிறகு துரைக்குப் போன் போட்டு, இருட்டிவிடும் போலிருக்கிறது, தப்பு என்னுடையது, நாட்டாரிடம் சொல்லிவிடு என்றாள்.  "செரி வா," என்று வைத்துவிட்டான். ஷர்மிளா எதிர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்னும் ஏதோ ஒரு கணக்கை உதட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். எப்படி எழுதினாய் என்று காந்தா கேட்கவில்லை. கேட்டால், பாதியில் கூப்பிடாமல் விட்ட தன் கணக்கையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது ரோட்டு விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. குப்பத்துக்குள் திரும்புகிற மண் பாதையில் காந்தா வேகமாக நடந்தாள். எதிரே ஒரே இருட்டு. திருவிழா நாளில் கோயில் விளக்கு ஏறிய பிறகுதான் வீடுகளில் விளக்கு போடுவார்கள். ஒரு வீட்டிலும் வெளிச்சம் இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தாள்.

எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் துரை நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் கோயில் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் கொசுவை அடித்துக்கொண்டும், கிழவிகள் முணுமுணுத்துக்கொண்டும் இருந்தார்கள். நடுவில் தேசப்பன், திரி போட்டு எண்ணெய் ஊற்றிய விளக்குக்கு முன்னால் தீப்பெட்டியும் கையுமாகக் குந்தியிருந்தார். தாயும் மகளும் கல்லைத் தாண்டுகிற வரை அவர் தலையைத் தூக்கவில்லை.

"எவ்ளோ நேரமா கிழிச்சிகினு கீறேன், பத்தவே மாட்டேங்குது," என்றார் பொதுவாக. "கடக்காத்துல பெட்டி நமுத்துப் போச்சி."

சொல்லிவிட்டு ஒரு குச்சியை எடுத்து உரசினார். பற்றிக்கொண்டது. பெண்கள் குலவையிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிய மூச்சு மட்டும் அங்கங்கே கேட்டது. வரிசையாக வீடுகளில் விளக்குகள் ஏறின.

 துரை காந்தாவின் இடுப்பிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டான். ஆண்கள் தொடாத கூடை அது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.  நாலு வீடு தாண்டிய பிறகு, திரும்பாமலேயே மனைவியைக் கேட்டான்:

"அந்தக் காலேஜாண்ட பொம்பளப் புள்ளைங்களுக்கு ஆஸ்டலு கீதா, பாத்தியா?"